டிவி உடையப்பனின் மகள்

மதுரை,
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபா எழுதுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், ஹாஸ்டல் சாம்பார்தான் நன்றாக இல்லை. அங்கே பனி குறைந்ததா? உன் இருமல் விட்டதா? அம்மா கொடுத்துவிட்ட கம்பளியை ஜீப் மதியழகன் அண்ணன் கொண்டுவந்து சேர்த்தாரா?

டவர் இல்லாத ஊருக்கு டீச்சராகப் போய் உட்கார்ந்துகொண்டு, இந்தக் காலத்தில் என்னைத் தபால் தலை ஒட்ட வைத்த புண்ணியவதி நீதான். நான் கவருக்குப் பசை தடவுவதை என் அறைத் தோழிகள் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்கள். மீடியா படிக்கிறவள் கடிதம் எழுதுகிறாளாம், சிரிப்பாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசி செமஸ்டருக்கு நாங்கள் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். ஒரு விவசாயியின் ஒரு நாள் என்று என் தலைப்பைக் கொடுத்துவிட்டேன். வேறு யாரை எடுப்பேன்? அப்பாவைத்தான். விடிந்தும் விடியாமல் டிவிஎஸ்ஸில் தென்னந்தோப்பு வழியாக வத்தலக்குண்டுக்கு டீ குடிக்கப் போவாரே, அந்த ஷாட்டை நினைத்தாலே எனக்குக் கை துறுதுறுக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சேவுகம்பட்டி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சோற்றில் கை வைத்திருந்தவர் அப்படியே எழுந்துவிட்டார்.

"என்னைய எடுக்காத தாயி. வேற யாரையாச்சும் எடு. அம்புட்டுதான் சொல்லுவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. நான் படிப்பது அவருக்கு அவ்வளவு கேவலமா? ஊரில் யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர் படிக்குது" என்றுதான் சொல்கிறார். தெருவிலேயே முதல் கலர் டிவி வாங்கியதால்தானே ஊர் இன்னும் அவரை 'டிவி உடையப்பன்' என்கிறது? அந்த மனுஷனுக்குக் கேமரா ஆகாது என்றால் யாராவது நம்புவார்களா? நீ சொன்னால் கேட்பார். ஒரு வார்த்தை எழுது.

உன் தங்கை,
தீபா

*

மேல்மலை,
25 பிப்ரவரி 2024

அன்புத் தங்கைக்கு,

புவனா எழுதிக்கொள்வது. இருமல் போய்விட்டது, கம்பளி வந்துவிட்டது. கம்பளிக்குள் அம்மா சுற்றி அனுப்பிய மாவடு ஊறுகாய் பாட்டில் உடைந்து, இப்போது பள்ளிக்கூடமே மாவடு மணக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாம்பாரைக் குறை சொல்லாமல் சாப்பிடு. இங்கே மூன்று வேளையும் உருளைக்கிழங்கு.

பூண்டு அறுப்பு என்பதால் பிள்ளைகள் பாதிப் பேர் வருவதில்லை. வருகிற பாதியும் பூண்டு வாசனையோடு வருகிறது. நேற்று ஒரு வாண்டு, "டீச்சர், கடல் எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டது. எதிர் மலையைக் காட்டி, அதற்கு அந்தப் பக்கமும் தண்ணீராகவே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி என்றேன். ஒரு நாள் நீ கடலை எடுத்துக்கொண்டு வந்து காட்டு.

படத்துக்குக் கொடைரோடு ஸ்டேஷனில் திராட்சை விற்கிறவர்களை எடேன். கலர் நன்றாக வரும், பேச்சும் வரும். அப்பாவை விட்டுவிடு.

உன் படிப்பைக் கேவலமாக அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அன்றைக்கு நான் சொன்னதும் உன்னை அதில் சேர்த்திருக்கமாட்டார்.

வேளைக்குத் தூங்கு.

உன் அக்கா,
புவனேஸ்வரி

*

திண்டுக்கல்,
23 ஜூன் 2024

என் அக்காவுக்கு,

நலம். நீ லீவு முடிந்து மலை ஏறிய பிறகு அம்மா இரண்டு நாள் உன் தட்டையும் சேர்த்தே எடுத்து வைத்தாள். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவது சரியாகிவிட்டதா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது! பேகம்பூரில் 'ஊர்க்கண்' என்று ஒரு செய்திச் சேனல். சேனல் என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்யாதே. பிரியாணிக் கடைக்கு மேலே இரண்டு அறை. காலை பத்து மணிக்குக் கீழே தம் போட்டால் மேலே யாருக்கும் வேலை ஓடாது. முதலாளி ஜமால் முகமது, எல்லாருக்கும் ஜமால் பாய். தோல் வியாபாரம் செய்தவர், ஊர்ச் செய்தி மேல் உள்ள ஆசையில் இதை ஆரம்பித்திருக்கிறார்.

"ஆறு மாசம் பாப்பேன்மா. சரியா வந்தா நிரந்தரம். கேமரா, எடிட்டு, குரலு, எழுத்து எல்லாம் நீயேதான். ஆளு அம்புட்டுதான் இருக்கு" என்றார்.

அப்படியே நடக்கிறது. போன், ட்ரைபாட், மைக் மூன்றையும் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் மைக்கைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டிருந்த ஆளை அதட்டி எனக்கு சீட் வாங்கித் தருகிறார். முதல் வேலையே கூத்துதான். தண்ணீர் வராத தெருவில் கவுன்சிலர் கால் மணி நேரம் பேசினார். நான் மைக்கை ஆன் செய்யவே இல்லை. திரும்பவும் பேசச் சொன்னேன். "நான் இப்ப என்னம்மா சொன்னேன்?" என்று என்னிடமே கேட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். "ஒரு வருசம் பாரு. சரிப்படலேன்னா பி.எட். போட்டுரு" என்றார், அவ்வளவுதான். இதுவரை நான் எடுத்த ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. அம்மா போனை நீட்டினால் மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கெல்லாம் ஜமால் பாய்க்கு அக்கா. எனக்கு அப்பா ஒரே ஒரு தடவை பார்த்து, நல்லா இருக்கு என்று சொன்னால் போதும்.

ஆசையுடன்,
தீபா

*

மேல்மலை,
14 ஜூலை 2024

தீபாக் குட்டிக்கு,

இங்கே யாவரும் சுகம், கூரையைத் தவிர. மழை வெளியே விட்டாலும் மூன்றாம் வகுப்பில் விடுவதில்லை. நீ மதியம் சாப்பிடுகிறாயா, இல்லை பிரியாணி வாசனையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறாயா?

மைக் கதையை மதியழகன் அண்ணனிடம் சொன்னேன். ஜீப்பை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். உன் வேலை கிடைத்த சேதியைக் கொடைக்கானல் சந்தை வரை பரப்பியது அவர்தான். "டீச்சர் தங்கச்சி டிவில வருது" என்கிறார். டிவி இல்லை, போனில் என்றால் அவர் கேட்பதாக இல்லை. என்னுடையதோ பொத்தான் போன். கொடைக்கானலுக்கு இறங்கி வந்தாலும் உன் குரலைத்தான் கேட்கலாம், உன் வேலையைப் பார்க்க முடியாது. அதனால் நீ எழுதுவதுதான் எனக்குப் படம். விவரமாக எழுது.

ஒன்று கேட்க வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும் உடனே கேமராவை அணைத்துவிடுவாயா? அப்படிச் செய்யாதே. வகுப்பில் நான் புத்தகத்தை மூடிய பிறகுதான் பிள்ளைகள் உண்மையான கேள்வி கேட்கிறார்கள். செத்த நேரம் ஓடவிட்டுப் பார்.

அப்பா விஷயத்தில் அவசரப்படாதே. அவருக்குக் கொஞ்சம் நாளாகும்.

அன்புடன்,
புவனா

*

திண்டுக்கல்,
18 ஆகஸ்ட் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம், நலம், ரொம்ப நலம்! நீ எப்படி இருக்கிறாய் என்று பிறகு கேட்கிறேன், முதலில் இதைப் படி.

கொடைரோட்டுப் பக்கம் தக்காளி விலை அடியோடு விழுந்துவிட்டது. ரோட்டோரம் கொட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே முத்துப்பேச்சி என்று ஒரு அம்மா, நம் அம்மா வயதிருக்கும், கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தார். மைக்கை நீட்டினேன்.

"பறிக்கிற கூலிக்குக்கூடக் காணாது தாயி. பிள்ளை மாதிரி வளத்தேன். பிள்ளையக் கொண்டாந்து ரோட்டுல கொட்டுற மாதிரி இருக்கு."

சொல்லும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீ சொன்ன மாதிரி கேமராவை ஓடவிட்டேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தினார், ஒரு ஆடு வந்தது, அப்புறம் என்னென்னவோ. அதெல்லாம் வேண்டாம் என்று கண்ணீரோடு நிறுத்தி, ஒரு வயலின் இசையைச் சேர்த்து, அன்று மாலையே போட்டோம். கூட எடிட் செய்கிற ரஃபி, "அழுகையில முடி தீபா, அப்பதான் ஷேர் ஆகும்" என்றான். நான் வெட்டியது சரியான இடம்தான்.

அக்கா, ஊர் முழுக்க அதுதான் பேச்சு! திண்டுக்கல் தாண்டி, மதுரை தாண்டி, துபாயிலிருந்தெல்லாம் எழுதுகிறார்கள். 'ஊர்க்கண்'ணில் இவ்வளவு ஓடியது எதுவும் இல்லை. ஜமால் பாய் கீழே கடையில் சொல்லி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். "ஆறு மாசமெல்லாம் வேணாம்மா, தீபாவளிக்கே நிரந்தரம்" என்று சொல்லிவிட்டார். கல்லூரியிலிருந்து கூப்பிட்டு ஜூனியர்களுக்குப் பேச வரச் சொல்கிறார்கள்.

நீ பார்க்க முடியவில்லையே என்பதுதான் குறை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடு கன்று போட்டிருக்கிறது.

சந்தோஷத்துடன்,
தீபா

*

மேல்மலை,
1 செப்டம்பர் 2024

தீபாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால், மாட்டின் கன்று, துபாய்க்காரர்கள் எல்லாரும் கடிதத்தில் வந்துவிட்டார்கள். அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவர் பார்த்தாரா? என்ன சொன்னார்?

இன்னொன்று. அந்த அம்மா அழுது முடித்த பிறகு ஆடு வந்தது, அப்புறம் என்னென்னவோ என்று எழுதியிருக்கிறாய். என்னென்னவோ என்றால் என்ன?

புவனா

*

திண்டுக்கல்,
6 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், உன்னிடம் பொய் வரவில்லை.

அப்பா பார்த்துவிட்டார். வத்தலக்குண்டு டீக்கடையில் யாரோ, "உன் மக போட்டதுப்பா" என்று காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. திட்டவும் இல்லை அக்கா, திட்டினால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனால் கட்டிலை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விடுகிறார். "தீபா வந்திருக்கு, மீன் வாங்கிட்டு வாங்க" என்று அம்மா சொன்னால் வாங்கி வருகிறார். ஆனால் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தம்மா இனி சந்தைக்கு எப்படிப் போகும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்? அழுதவரை அழுததாகத்தானே காட்டினேன்? அம்மாவைக் கேட்டால் "விடுத்தா" என்கிறாள். ஊரே பாராட்டுகிறது, பெற்றவர் பேசவில்லை. நேற்று இங்கே லேடீஸ் ஹாஸ்டலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஆடு வந்து கொட்டிக் கிடந்த தக்காளியைத் தின்ன ஆரம்பித்தது. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "தின்னுடி ராசாத்தி, தின்னு. நீயாச்சும் வெலை கேக்காமத் திங்கிற" என்று சொல்லிச் சிரித்தார். சும்மா இல்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெரிய சிரிப்பு. "அடுத்து வெண்டை போடுறேன், அப்ப வா" என்றார். அதைத்தான் வெட்டினேன். ஏன் கேட்டாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தீபா

*

மேல்மலை,
20 அக்டோபர் 2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பாதை அடைபடுவதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்று மதியழகன் அண்ணனை நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். அவர் வாசலில் ஹாரன் அடிக்கிறார், அடிக்கட்டும். நீ அழாதே. சாப்பிட்டுவிட்டுப் படி.

தெருவில் முதல் டிவி வாங்கியதால் அப்பாவுக்கு அந்தப் பெயர் வரவில்லை.

நீ இரண்டாம் வகுப்பு, கொடைரோட்டில் மாமா வீட்டில் இருந்து படித்த வருஷம். ஊரில் மழையே இல்லை. கிணறு வற்றி, தென்னை ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. ஒரு டிவியிலிருந்து கேமராவோடு வந்தார்கள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கிணற்று மேட்டில் நிற்க வைத்து என்னென்னவோ கேட்டார்கள். கடைசியில், "பொம்பளப் பிள்ளைகள எப்படிக் கரை சேப்பீங்க?" என்று கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்தார், உடைந்துவிட்டார்.

செத்த நேரம்தான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மழை வந்தா மறுபடி போடுவோம்யா. போடாம என்ன செய்யப் போறோம்?" என்று சிரித்தார். இருந்த ரெண்டு மரத்தில் ஒன்றில் ஏறி, வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதையும் படம் எடுத்தார்கள், குடித்தார்கள், போய்விட்டார்கள்.

டிவியில் வந்தது அழுகை மட்டும். சோக இசையோடு, அவர் முகத்தை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்கள். அன்றிலிருந்து டீக்கடையில், "ஏலே, டிவி வாரான், துண்டு எடுத்து வைங்க" என்பார்கள். திருவிழாவில் பொடிப்பையன்கள் கண்ணைக் கசக்கிக் காட்டினார்கள். கொஞ்ச வருஷத்தில் கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் நம் ஊர் டீக்கடைப் படி ஏறவில்லை. வத்தலக்குண்டுக்கு அவர் போவது டீ ருசிக்காக இல்லை தீபா. ரிப்பேர் என்று சொல்லி அவர் பரணில் ஏற்றிய டிவியும் உண்மையில் ரிப்பேர் இல்லை.

வீட்டில் யாரும் பேசாத விஷயம், நானும் பேசாமலே இருந்துவிட்டேன். உனக்குத் தெரிந்தால் நீ கேமராவைத் தொடமாட்டாய் என்று பயந்தேன். நீ தொட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இனி என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தச் சிரிப்பு உன்னிடம் இன்னும் இருக்கிறதா, அழித்துவிட்டாயா?

உன்மேல் நம்பிக்கையுள்ள,
அக்கா

*

திண்டுக்கல்,
24 நவம்பர் 2024

அக்கா,

பாதை மூடியிருக்கிறது என்று தெரியும், இந்தக் கடிதம் என்றைக்கு உன்னிடம் வருமோ. நீயும் பிள்ளைகளும் பத்திரமா? விறகு, அரிசி எல்லாம் இருக்கிறதா?

சிரிப்பு இருக்கிறது. நான் எதையும் அழிப்பதில்லை.

உன் கடிதத்தைப் படித்த மறுநாளே கொடைரோட்டுக்குப் பஸ் ஏறினேன். முத்துப்பேச்சியம்மா வெண்டைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வாடி யம்மா, வா. இன்னைக்கு எதுக்கு அழணும், சொல்லு, அழுதுருவோம்."

அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டார். சந்தையில் கூடையை இறக்கினால் "அழுகைக்காரக்கா வந்துருச்சு" என்கிறார்களாம். மருமகள் வீட்டார் தேனியிலிருந்து போன் போட்டு, சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார்கள். யாரோ காரில் வந்து அரிசி மூட்டையைக் கொடுத்து, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். "நான் யார்கிட்டடி அரிசி கேட்டேன்? எங்க வீட்டுல நெல்லு மூட்டை அடுக்கிக் கிடக்கு. வெலைதான கேட்டேன்?"

வரப்பிலேயே உட்கார்ந்து, வெட்டாத வீடியோவை முழுசாகப் போட்டுக் காட்டினேன். ஆடு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். "ஐய, எம்புட்டு அழகா சிரிச்சிருக்கேன்! ஏண்டி இதைப் போடல?" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது. "அதைத் தூக்கு, இதைப் போடு. வெலை கேட்டது, அழுதது, சிரிச்சது எல்லாம் இருக்கட்டும்" என்றார்.

ஜமால் பாயிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முகமே வாடிவிட்டது. "நம்ம சேனல்ல அதிகம் ஓடுனதே அதுதான்மா. உன் நிரந்தரமே அது மேலதான் நிக்குது. அதைப் போய் அழிக்கச் சொல்றியே?" அந்த நிரந்தரம் எனக்கு வேண்டாம் பாய் என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பி.எட். அப்ளிகேஷன் போடுவதாகவே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அவர் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார். "அந்தம்மாவே சொல்லுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப தூக்கிரு. ஆனா எனக்கு வயிறு எரியுது, அதையும் சொல்லிர்றேன்" என்றார்.

புது வீடியோ பழையதில் பாதிகூட ஓடவில்லை. இரண்டு வாரம் ஜமால் பாய் என்னைக் குப்பை வண்டிச் செய்திக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். தீபாவளியும் போய்விட்டது, நிரந்தரம் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் எடுத்தவர்களுக்குக் காட்டாமல் எதையும் போடுவதில்லை. "நேரம் ஆகுது, நேரம் ஆகுது" என்று ரஃபி புலம்புகிறான்.

அப்பா இன்னும் பேசவில்லை.

உன்
தீபா

*

சேவுகம்பட்டி,
15 டிசம்பர் 2024

அக்கா, அக்கா,

உன் பதில் வரவில்லை, பரவாயில்லை, நானே எழுதிவிடுகிறேன். எல்லாரும் நலம். கன்றுக்குட்டி என் ட்ரைபாடை முட்டித் தள்ளுகிற அளவுக்கு நலம்.

இன்று காலை அப்பா டிவிஎஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சீட் மேல் போனை வைத்து முத்துப்பேச்சியம்மா வீடியோவை ஓடவிட்டேன். மாட்டைப் பார்க்கப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த அம்மா அழும் இடத்தில் முகத்தைத் திருப்பினார். ஆடு வந்தது. "தின்னுடி ராசாத்தி" என்ற குரல் கேட்டுத் திரும்பினார். சிரித்துவிட்டார் அக்கா! ஓடி முடிந்ததும், "மறுபடி போடு" என்றார்.

இரண்டாம் தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தம்மா இதைப் பாத்துச்சா?"

"பாத்துட்டு, அவங்கதான்ப்பா போடச் சொன்னாங்க. பழசை எடுத்தாச்சு."

"முதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

"வயிறு எரியுதுன்னாரு."

கொஞ்ச நேரம் வண்டியின் கண்ணாடியையே துடைத்தார். அப்புறம், "ஏறு, டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார்.

வத்தலக்குண்டு என்று நினைத்து ஏறினேன். வண்டி நம் தெருமுனையிலேயே நின்றது. நம் ஊர் டீக்கடை! உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டீ மாஸ்டர் முத்துக்கிருஷ்ணன் மாமா ஆற்றிக்கொண்டிருந்த டீ அவர் கையிலேயே வழிந்தது. வாய் சும்மா இருக்குமா? மூலையிலிருந்து ஒருத்தர், "என்ன டிவி, அதிசயமா இந்தப் பக்கம்?" என்றார்.

நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "டிவி நான் இல்லப்பா. இந்தா நிக்குது பாரு எம் மக, அதுதான் டிவி. ரெண்டு டீ போடு. அதுக்குச் சீனி தூக்கலா."

எனக்குச் சீனி தூக்கலாக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. நான் டீயில் அழுகையையும் சேர்த்துக் குடித்தேன். ஒருத்தரும் கேலி செய்யவில்லை.

ஜனவரியிலிருந்து என்னை நிரந்தரமாக்கி ஜமால் பாய் நேற்று கடிதம் கொடுத்தார். எடுத்தவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று சுவரில் எழுதியும் ஒட்டிவிட்டார். கீழே கையெழுத்து அவருடையது, யோசனையும் அவருடையது என்கிற மாதிரி நடக்கிறார். போகட்டும்.

பாதை திறந்ததும் மதியழகன் அண்ணனிடம் ஒரு பெரிய போன் கொடுத்துவிடுகிறேன். டவர் வேண்டாம், எல்லாம் உள்ளேயே ஏற்றிவிடுகிறேன். அதில் என்ன இருக்கும் என்று எழுதமாட்டேன். பார்த்துவிட்டு நீ எழுது.

உன் செல்லம்,
தீபா

*

மேல்மலை,
5 ஜனவரி 2025

என் தீபாவுக்கு,

அக்கா எழுதுகிறேன், மனம் நிறைந்து எழுதுகிறேன். உன் கடிதங்கள் இரண்டும் போனும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. மதியழகன் அண்ணன் போனைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவது போலத் தூக்கிவந்தார்.

முதலில் கடலைப் பார்த்தோம். ராமேஸ்வரம் வரை போய் எடுத்தாயா? அன்றைக்குக் கேட்ட வாண்டு போனுக்குப் பின்பக்கம் திருப்பிப் பார்த்து, "அந்தப் பக்கமும் தண்ணியா டீச்சர்?" என்றது. ஆடு வீடியோவை எத்தனை தடவை போட்டேன் என்று தெரியவில்லை. இப்போது இங்கே யார் சாப்பிட உட்கார்ந்தாலும் "தின்னுடி ராசாத்தி"தான்.

பிறகு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அப்பாவைத் தனியாகப் பார்த்தேன்.

வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார். அதே கிணற்று மேடு. இப்போது தண்ணீர் தளும்புகிறது. முதலில் தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றி வாத்தியார் மாதிரி பேசுகிறார். நடுவில் நிறுத்தி, "புவனா, நல்லாச் சாப்புடுறியா தாயி? மெலிஞ்சு போயிருப்ப" என்கிறார். என்னைப் பார்த்தே கேட்ட மாதிரி இருந்ததடி, போனைப் பார்த்து "சாப்பிடுறேன்ப்பா" என்று பதில் சொல்லிவிட்டேன். வாசலில் நின்ற மதியழகன் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் பேசி முடித்ததும் படம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நீ ஓடவிட்டிருக்கிறாய். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறார். அரிவாளோடும் இளநீரோடும் திரும்பி வருகிறார், சீவி நேராகக் கேமராவுக்கு நீட்டுகிறார். "இந்தா, குடி. வெயில்ல நிக்கிற" என்கிறார். உன் கை வந்து வாங்குகிறது. அவர் சிரிக்கிறார். அங்கே முடித்திருக்கிறாய்.

இதைப் போடுவதற்கு முன்பு அவரிடம் காட்டினாயா என்று நான் கேட்கவே வேண்டாம். அடுத்து இருக்கிற குட்டி வீடியோவில், எடுத்ததைப் பார்த்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, "இதெல்லாம் இருக்கட்டும், வெட்டிராத" என்கிறாரே, அதுவும் அப்படியே இருக்கிறது.

பொங்கலுக்கு வருகிறேன். பரணிலிருந்து டிவியை இறக்கி வைக்கச் சொல்.

உன் அக்கா,
புவனேஸ்வரி